மருந்து விஷமல்ல, ஆனாலும்...

பொன்முடிக்குப் போகும் நம் குடும்பங்கள் வழியில் கல்லாற்றில் இறங்கிக் கால் நனைக்காமல் திரும்புவதில்லை. அந்தக் கல்லாற்றுக் காட்டில்தான் காணி இனத்தைச் சேர்ந்த லட்சுமிக்குட்டி அம்மா விஷக்கடிக்குப் பச்சிலை வைத்தியம் செய்து பெயர் பெற்றார். 2018இல் பத்மஸ்ரீ விருதும் அவரைத் தேடி வந்தது. பாம்பு கடித்தால் விஷம் வெளியிலிருந்து வருகிறது, முறிக்க மருந்து தேடலாம். மருந்து சாப்பிட்டுத் தோல் உரிந்துபோகும் நோயில் அப்படியல்ல. அங்கே மருந்து விஷமே இல்லை. அடிப்பது நம் உடம்பின் எதிர்ப்பு சக்திதான்.

1922இல் நியூயார்க்கில் ஸ்டீவன்ஸ், ஜான்சன் என்ற இரு டாக்டர்கள் விவரித்ததால் நோய்க்கு அவர்கள் பெயரே நிலைத்துவிட்டது. கொதிநீர் பட்டாற்போல் தோல் வழன்று வரும். உடம்பில் 30 சதவீதத்துக்கு மேல் வழன்றுவிட்டால் பிழைப்பது கடினம்.

ஏன் இப்படி? நம் உயிரணுக்கள் தம் உள்ளே இருக்கும் புரதத் துணுக்குகளை ஒரு தட்டில் வைத்து வெளியே காட்டிக்கொண்டிருக்கின்றன. அந்தத் தட்டுக்கு எச்.எல்.ஏ. என்று பெயர். ரோந்து வரும் டி அணுக்கள் தட்டைப் பார்த்து, நம்முடையதுதான் என்று நகர்ந்துவிடும்; வைரஸின் துணுக்கு இருந்தால் அந்த உயிரணுவைக் கொன்றுவிடும். தாய் தந்தையிடமிருந்து வரும் இந்தத் தட்டின் வடிவம் ஆளுக்கு ஆள் வேறு. சில வடிவங்களில் சில மருந்துகள் போய் ஒட்டிக்கொள்கின்றன. காவலனுக்கு அது அந்நியனாகத் தெரிகிறது. உடனே கிரானுலைசின் என்ற கொல்லும் புரதம் வெளிப்பட்டுத் தோல் அணுக்கள் கூட்டம் கூட்டமாக மடிகின்றன. நோயாளிகளின் கொப்புள நீரிலேயே இந்தப் புரதம் ஏராளமாக இருப்பதை 2008இல் தைவான் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள்.

அதே தைவானில் 2004இல், வலிப்புக்கும் முகநரம்பு வலிக்கும் கொடுக்கப்படும் கார்பமசெபின் மாத்திரையால் இந்நோய் வந்த 44 சீன வம்சாவளியினரைச் சோதித்தார்கள். 44 பேரிடமும் எச்.எல்.ஏ.-பி 1502 என்ற ஒரே வடிவம்! சீனர் சமாசாரம் நமக்கென்ன என்று இருக்க முடியவில்லை. 2009இல் வெளியான இந்திய ஆய்வில் 8 நோயாளிகளில் 6 பேரிடம் அதுவே இருந்தது. கேரளத் தோல் மருத்துவர்கள் 7 ஆண்டு நோயாளிகளை ஆராய்ந்து 2005இல் எழுதிய கட்டுரையிலும் கார்பமசெபின்தான் முதல் குற்றவாளி. சிங்கப்பூரில் 2013 முதல், ஆசிய வம்சாவளியினருக்கு இம்மருந்தைப் புதிதாகத் தொடங்குமுன் மரபணுச் சோதனை செய்யச் சொல்கிறார்கள். சோதனையில் இல்லையென்று வந்தாலும் முழு உத்தரவாதம் கிடையாது. வேறு வடிவங்களும் உண்டு.

ஃபெனிடாயின், லாமோட்ரிஜின், யூரிக் அமிலத்துக்கான அலோபியூரினால், சல்ஃபா மாத்திரைகள் ஆகியவையும் பட்டியலில் உள்ளன. கோடிக்கணக்கானோருக்கு நன்மை செய்யும் மருந்துகள் இவை, பயந்து ஒதுக்கவேண்டியதில்லை. ஆனால் பக்கத்து வீட்டு மாமிக்குக் கேட்டதென்று வாங்கி விழுங்கும் நம் வழக்கத்தைத்தான் என்னால் ஜீரணிக்க முடிவதில்லை. மாமியின் தட்டு வேறு, நம் தட்டு வேறு.

பெரும்பாலும் மருந்து தொடங்கிய முதல் இரண்டு மாதங்களுக்குள் வரும். முதலில் காய்ச்சல், தொண்டை வலி, கண் எரிச்சல். ஃப்ளூ என்று நினைத்து அதே மாத்திரையைத் தொடர்வோரும் உண்டு. பிறகு வாயில் புண், தொட்டால் வலிக்கும் சிவந்த தடிப்பு, கொப்புளம். அந்நிலையில் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும். வலிப்பு மருந்து என்றால் ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது. திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம் என்பதால் மாற்று மருந்தை டாக்டர் உடனே முடிவு செய்யவேண்டும். பச்சிலைப் பூச்சு, கைவைத்தியம் எதுவும் அந்நேரத்தில் வேண்டாம்.

ஒருமுறை வந்து பிழைத்தவர் அந்த மருந்தை வாழ்நாளில் மீண்டும் தொடலாகாது. டி அணுக்களுக்கு நினைவாற்றல் உண்டு. அடுத்த முறை இன்னும் விரைவாகப் பாயும். ஊரிலிருந்து மாத்திரை வாங்கி வருவோர் அட்டையை வெட்டி எறியாமல் பெயரோடு பத்திரப்படுத்துங்கள். இங்குள்ள மலையாள டாக்டர் முதலில் கேட்பது அந்தப் பெயரைத்தான்.