பிரேக் இல்லாத புரதம்

வாழவந்தி காபித் தோட்டங்களில் பறிப்பு தொடங்கிவிட்டால் கையில் கீறல் விழாத ஆள் அபூர்வம். பழத்தோலில் ஈஸ்ட் இயல்பாகவே இருக்கும். கீறல் வழியே கொஞ்சம் உள்ளேயும் போகும். அதை எதிர்க்கும் எதிர்ப்பொருள் எதுவும் உடலில் தயாராக இல்லாவிட்டாலும் ரத்தம் சும்மா இருக்காது. கிருமியை எதிர்க்க ரத்தத்தில் ஓடும் நிரப்புப் புரதங்களின் 'மாற்றுப் பாதை' அங்கே வேலை பார்க்கும்.

உண்மையில் அது ஓய்வதே இல்லை. ஒரு மில்லிலிட்டர் ரத்த நீரில் ஒரு மில்லிகிராம் அளவுக்கு சி3 என்ற புரதம் ஓடுகிறது. அதற்குள் மறைந்திருக்கும் தயோஎஸ்டர் பிணைப்பு, தண்ணீர் பட்டு எந்நேரமும் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்ந்துகொண்டிருக்கும். அவிழ்ந்த சி3-யுடன் காரணி பி சேரும். காரணி டி வந்து பி-யை வெட்டும். இப்படிப் பிறக்கும் நொதி மற்ற சி3-களை சி3ஏ, சி3பி எனப் பிளக்கும். சி3பி பக்கத்தில் எது இருந்தாலும் ஒட்டிக்கொள்ளும். ஈஸ்ட்டா, நம் சிவப்பணுவா என்ற பேதம் அதற்குத் தெரியாது.

நம் செல்கள்தான் தம்மைக் காத்துக்கொள்ள வேண்டும். அவற்றின் மேலுள்ள சயாலிக் அமிலத்தைப் பற்றிக்கொண்டு காரணி எச் உட்காரும். அதன் துணையோடு காரணி ஐ, சி3பி-யை நறுக்கிப்போடும். ஈஸ்ட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதில் ஒட்டிய சி3பி இன்னொரு பி-யைப் பிடித்துப் புது நொதியாகும், அது மேலும் சி3-யைப் பிளக்கும், பெருக்கம் தறிகெட்டு ஏறும். சி3பி போர்த்திய ஈஸ்ட்டை வெள்ளணுக்கள் விழுங்கும். ஒன்றரை நிமிடத்தில் பாதி கலைந்துவிடக்கூடிய அந்த நொதியைத் தாங்கிப் பிடிப்பது ப்ரொபெர்டின். ஈஸ்ட் சுவரை ரத்த நீரில் கலந்துதான் லூயி பில்லமர் 1954-இல் இதைக் கண்டறிந்தார். சக விஞ்ஞானிகள் பலர் நம்பவில்லை. அவர் 1957-இல் இறந்து பல ஆண்டுகள் கழித்தே ஒப்புக்கொண்டார்கள். அறிவியலிலும் இப்படி நடப்பதுண்டு.

பிரேக் பிடிக்காவிட்டால் என்ன ஆகும்? அதைக் காட்டியது நல்ல பாம்பு. 1978-இல் தொடங்கிய வடநெம்மேலி இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், விஷமுறிவு மருந்துக்காக விஷம் எடுக்கும் நான்கு பாம்புகளில் இதுவும் ஒன்று. இதன் விஷத்தில் சி3பி-யின் சாயலில் ஒரு புரதம் இருக்கிறது. ஆளை முடக்குவது விஷத்திலுள்ள நரம்பு நச்சு, இந்தப் புரதம் அல்ல. இதுவும் பி-யைப் பிடித்து நொதியாகும். ஆனால் காரணி எச், ஐ இரண்டின் பிடிக்கும் அகப்படாது. அந்த நொதியின் பாதி ஆயுள் ஏறத்தாழ 7 மணி நேரம். பிரித்தெடுத்த புரதத்தை எலிக்குச் செலுத்தினால் சில மணி நேரத்தில் அதன் சி3 கிட்டத்தட்ட முழுதும் தீர்ந்துபோகும். நிரப்புப் புரதம் இல்லாத உடல் கிருமியை எப்படிச் சமாளிக்கிறது என்று பார்க்க விரும்பும் ஆய்வாளர்கள் பல காலமாக நாடுவது இந்த விஷப் புரதத்தைத்தான்.