வண்டலூரிற் கண்ட கருநிறப் புலி

தாம்பரத்தினின்று தெற்கே பெருங்களத்தூரைக் கடந்தால் வண்டலூர். சென்னை நகரினுள் இருந்த பழைய மிருகக்காட்சிசாலை 1985-ஆம் ஆண்டில் அங்குப் பெயர்ந்து, அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவாக விளங்குகிறது. நம் கல்லூரியாருள் அதனைக் காணாதார் சிலரே ஆவர்.

சில ஆண்டுகட்கு முன், யாம் பள்ளியிற் பயின்ற காலத்து, உறவினரோடு ஆங்குச் சென்று ஒரு விலங்கின்முன் திகைத்து நின்றோம். அதன் முதுகு கரியை அப்பினாற்போல் இருந்தது. உடன்வந்த சிறுவர்க்கு, "இது கருஞ்சிறுத்தை" என்று உறுதியாக உரைத்தோம். அருகே நின்ற முதியவர் ஒருவர், "தம்பி, விலாவைப் பார், வரி தெரிகிறதே. அது புலிதான்" என்றார். யாம் ஏற்றோமில்லை, எதிர்த்தும் பேசினோம். பின்னர் நூல்களைப் புரட்டியபோதுதான் எம் பிழை புலனாயிற்று.

கருஞ்சிறுத்தை என்பது தனி இனமன்று, சிறுத்தையே. அதன் மஞ்சள் நிறமெல்லாம் கருமையாகி விடுகிறது. ஆயினும் நல்ல வெயிலில் உற்று நோக்கினால், கருமையினூடே புள்ளிகள் தோன்றும். யாம் கண்ட புலியின் நிலை வேறு. அதன் நிறம் மாறவில்லை. வரிகளே பருத்து, ஒன்றோடொன்று கலந்து, இடைவெளியை விழுங்கிவிட்டன. முதுகில் கலப்பு மிகுதி. விலாவிலும் வயிற்றிலும் குறைவு. முதியவர் விலாவைப் பார்க்கச் சொன்னது இதனாலன்றோ!

இதன் காரணத்தைப் பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தைச் சார்ந்த உமா ராமகிருஷ்ணன், வினய் சாகர் முதலியோர் ஆராய்ந்து 2021-இல் வெளியிட்டனர். 'டாக்பெப்' என்னும் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியுள்ளதாம். தமிழ் பயில்வார்க்கு இது வியப்பன்று. ஓரெழுத்து மாறினாற் புலி புளியாகி விடுகிறதே! வீட்டுப் பூனைகள் சிலவற்றின் வரிகள் சுழிசுழியாய் அகன்றிருப்பதும் இதே மரபணுவின் வேறு மாற்றங்களால் என்பதை முன்னரே, 2012-இல், கண்டறிந்திருந்தனர். ஆதலின் தெருப்பூனையை இனி இகழ்தல் வேண்டா.

தாய் தந்தை இருவரிடமிருந்தும் இம்மாற்றம் வந்தாலன்றிக் குட்டி கருமையுறாது. அங்ஙனம் வருதல் மிக அரிது. ஆயினும் ஒடிசாவின் சிமிலிபால் காட்டில் மட்டும் புலிகளுள் நூற்றுக்கு 37 கருமையுடையன என அவ்வாராய்ச்சியாளர் கண்டனர். பிற இடத்துப் புலிகள் ஏறக்குறைய 400-ஐச் சோதித்தும் இம்மாற்றம் தென்படவில்லை. சிமிலிபால் புலிகள் தொகையிற் சிலவாய், பிற காட்டுப் புலிகளோடு கலவாமல், தம்முள்ளேயே இணைந்து பெருகியமையே இதற்குப் பெருங்காரணம். காண்பார் அழகென்று வியக்கும் அக்கருமை, வெளியேறும் வழியின்றி அடைபட்ட ஒரு கூட்டத்தின் அடையாளமாம். இதனை அறிந்தபின் எம் மனம் சிறிது கனத்தது.

வண்டலூர்ப் புலி கூட்டிற் பிறந்ததாயினும், அதன் முன்னோர் வழி சிமிலிபாலுக்கே செல்கிறது என்பதும் அவ்வாராய்ச்சியின் முடிபு. புவனேசுவரத்து நந்தன்கானனிலும் ராஞ்சியிலும் இருந்த கருநிறப் புலிகட்கும் அதுவே பூர்விகம்.

அப்பூங்காவின் வெண்புலிகளையும் தனி இனமெனக் கருதுவார் உளர். அவையும் புலிகளே. செம்மஞ்சள் நிறமி அற்றுப்போக, கருவரி எஞ்சி நிற்கிறது. 1951-இல் ரேவா மன்னர் பிடித்த 'மோகன்' என்னும் குட்டியின் வழித்தோன்றல்களே கூட்டில் வாழும் வெண்புலிகளுட் பெரும்பாலன. நிறத்தைக் காத்தற்பொருட்டு உறவுக்குள்ளேயே இணைத்தமையால் குறைகளும் அவற்றிடைத் தோன்றின.

அன்று எம்மை நம்பிய சிறுவர்க்கு உண்மையை எழுதித் திருத்திவிட்டோம். அம்முதியவரை எங்கே தேடுவது?