இயந்திரமயம்: சொல்லும் பொருளும்

"இனி எல்லாம் இயந்திரமயம்" என்ற பேச்சு நம் மளிகைக் கடை வாசல் வரை வந்துவிட்டது. அச்சொல்லின் பொருளைத் தெரிந்துகொண்டால், எதை வாங்கலாம், எதை விடலாம் என்பதும் விளங்கும்.

இயந்திரம், மயம், ஆக்கல் ஆகிய மூன்றும் சேர்ந்ததே இயந்திரமயமாக்கல். 'யந்திரம்' வடசொல். அதன் வேர் 'யம்'. கட்டுப்படுத்துவது, அடக்கிப் பிடிப்பது என்று பொருள். 'நியமம்' என்பதும் அவ்வேரில் பிறந்ததே. ஆகவே விசையை அடக்கி வேலை வாங்கும் கருவியே யந்திரம். 'மயம்' என்றால் நிறைந்திருப்பது. கையாலும் மாட்டாலும் நடந்த வேலையை இயந்திரத்திடம் ஒப்படைப்பதையே இச்சொல் குறிக்கிறது.

இது நமக்குப் புதிதல்ல. சங்கப் பாடல்களிலேயே கரும்பு பிழியும் ஆலைக்கு 'எந்திரம்' என்று பெயர். 'பொறி' என்ற தமிழ்ச் சொல்லும் உண்டு. மதுரைக் கோட்டை மதிலில் இருந்த பொறிகளைச் சிலப்பதிகாரம் வரிசையாகச் சொல்கிறது. நம் கடையில் விற்கும் எலிப்பொறியிலும் அச்சொல்தான் இருக்கிறது. நாம் பேச்சில் சொல்லும் 'மிஷின்', 'மெக்கானிக்' இரண்டுக்கும் மூலம் ஒரே கிரேக்கச் சொல். அதற்கு 'உபாயம்' என்றும் பொருள் உண்டு.

நம் வட்டாரமே இயந்திரத்தால் வளர்ந்தது. 1949-இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியது. 1960-களில் தொழிற்பேட்டை வந்தது. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-இல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அத்தொழிலாளர் குடும்பங்களின் மாதச் சம்பளம் நம் கடைகளையும் வாழவைத்தது.

கடைக்குள்ளும் மாற்றம் வந்தது. மரச்செக்கு எண்ணெய் மில் ஆனது, கைத்தராசு எலக்ட்ரானிக் தராசு ஆனது, 2017-இல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு பில் புத்தகம் இருந்த இடத்தில் பல கடைகளில் பில் மிஷின் வந்தது.

வாங்குமுன் விலையை மட்டும் பார்க்காமல் மின்கட்டணம், ரிப்பேர்ச் செலவு, மின்சாரம் நின்றால் மாற்று வழி ஆகியவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். எலக்ட்ரானிக் தராசுக்கும் உரிய காலத்தில் அரசு முத்திரை பெற்றாக வேண்டும். புதிய மிஷின் என்பதால் விலக்கு கிடையாது.

எடை போடுவதையும் கூட்டிப் பார்ப்பதையும் மிஷினிடம் கொடுக்கலாம். துவரம்பருப்பைக் கையில் அள்ளித் தரம் சொல்வதையும், யாருக்குக் கடன் தரலாம் என்று முடிவு செய்வதையும் கொடுக்க இயலாது. அவை முதலாளியின் வேலை. அடக்கிப் பிடிப்பது என்பதுதான் சொல்லின் வேர். அந்தப் பிடி நம் கையில் இருக்கும்வரை மிஷினைக் கண்டு சிறு வணிகர் அஞ்ச வேண்டியதில்லை.