எந்தப் புதூர்?

தமிழ்நாட்டில் புதூர் என்னும் பெயரில் ஊர்கள் பல இருப்பதால், கோவில்பட்டிக் கரிசல் பகுதியில் விளாத்திகுளம் வட்டத்திலுள்ள புதூருக்குக் கடிதம் எழுதுவோர் ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொண்டால், அது மதுரை நகருக்குள் உள்ள கே.புதூருக்கும் போய்விடக்கூடும். முகவரியில் அஞ்சல், வழி, வட்டம், மாவட்டம் என்று வரிகள் நீள்வது இதனால்தான்; இவற்றுள் அஞ்சல் என்பது கடிதத்தைப் பட்டுவாடா செய்யும் அலுவலகத்தையும், வழி என்பது தபால் பை எந்த ஊர் மூலமாக அங்கே போகிறது என்பதையும் குறிக்கும்.

1972 ஆகஸ்டு 15 அன்று நடைமுறைக்கு வந்த ஆறிலக்கப் பின்கோடு இக்குழப்பத்தைப் பெருமளவு குறைத்தது. கோவில்பட்டியின் 628501 என்னும் எண்ணில் 6 தமிழ்நாடும் கேரளமும் அடங்கிய மண்டலத்தையும், 628 தூத்துக்குடி வட்டாரத்தையும், கடைசி மூன்று இலக்கங்கள் பட்டுவாடா அலுவலகத்தையும் சுட்டுகின்றன. ஆனால் சுற்றுவட்டாரக் கிராமங்களின் கிளை அஞ்சலகங்கள் பலவும் ஒரே எண்ணின்கீழ் வருவதுண்டு. ஒரே பெயருடையோர் ஒரு கிராமத்தில் பலர் இருப்பதும் வழக்கம். ஆகவே பெயரை அடுத்து எழுதப்படும் ‘த/பெ’, அதாவது தந்தை பெயர், பல நேரங்களில் கதவு எண்ணைவிடத் தபால்காரருக்கு உதவுகிறது. கரிசல் கிராமத்து முகவரி வீட்டைக் காட்டுவதைக் காட்டிலும் ஆளைக் காட்டுகிறது என்றே கொள்ள வேண்டும்.

ஜப்பானிய முகவரியோ இடத்திலிருந்தே தொடங்குகிறது. முதலில் அஞ்சல் எண், பின்பு மாநிலத்துக்கு நிகரான பெரும்பிரிவு, நகரம், பேட்டை, தெருப் பெயருக்குப் பதிலாகக் குடியிருப்புத் தொகுதியின் எண், வீட்டு எண் என்று இறங்கி, பெறுபவரின் பெயர் கடைசியில் வருகிறது. தலைகீழ் முறை என்று நமக்குத் தோன்றினாலும், நம் கடிதங்களைப் பிரிக்கும் ஊழியரும் அடிவரியிலிருந்துதான் மேல்நோக்கி வாசிக்கிறார் என்பதால், அவர் வேலைக்கு ஜப்பானிய வரிசையே பொருத்தமானது. ஜெர்மனியில் வீட்டு எண் தெருப் பெயருக்குப் பின்னும், அஞ்சல் எண் ஊர்ப் பெயருக்கு முன்னும் எழுதப்படும். சிங்கப்பூரில் 1995 முதல் வழங்கும் ஆறிலக்க எண் பொதுவாக ஒரு கட்டடத்தையே குறிப்பதால், அடுக்குமாடியில் தளமும் வீட்டு எண்ணும் சேர்ந்தால் இடம் தெளிவாகிவிடுகிறது.

1874இல் பெர்ன் நகரில் கையெழுத்தான உடன்படிக்கையால் பிறந்து, 1876இல் இந்தியாவும் சேர்ந்த உலக அஞ்சல் ஒன்றியம் இந்த வேற்றுமைகளை அழித்து ஒரே வரிசையைத் திணிக்கவில்லை. சேருமிடத்து நாட்டின் முறைப்படி முகவரியை எழுதி, நாட்டின் பெயரைத் தனியே கடைசி வரியில் பெரிய எழுத்துகளில் குறிப்பதே அதன் பரிந்துரை. புதூரிலிருந்து சிங்கப்பூருக்குப் போகும் உறையில், அனுப்பும் நாட்டு ஊழியர் பார்த்தாக வேண்டியது பெரும்பாலும் அந்த ஒரு வரியைத்தான்.