எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றால் முழங்காலில் ஒன்றுமில்லையா?

பள்ளிவாசல்களில் ஸப்புகளின் ஓரத்தில் கதிரைகள் கூடிக்கொண்டே வருகின்றன. நாற்பதைக் கடந்த ஆசிரியர்கள் கூடும் ஓய்வறையிலும் முழங்கால் வலிதான் பேச்சு. ஆனால் இந்த வலி பற்றி நம்மிடையே இரண்டு பிழையான முடிவுகள் வேரூன்றிவிட்டன. எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாவிட்டால் "ஒன்றுமில்லை" என்கிறோம். ஏதாவது தெரிந்தால் "எலும்பு தேய்ந்துவிட்டது, இனி நடக்கக் கூடாது" என்கிறோம். நான் வைத்தியர் அல்ல. ஆனாலும் வகுப்பறையில் விளக்குவது போல இதை விளக்கலாம் என நினைக்கிறேன்.

முதலில் பாதிக்கப்படுவது எலும்பு மட்டுமல்ல. முழங்காலில் எலும்புகளின் முனைகளை, சில மில்லிமீற்றர் தடிப்பான, வழுவழுப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. அதில் 65 முதல் 80 வீதம் வரை நீர்தான். கொலாஜன் நார்கள் வலை போலப் பின்னியிருக்க, புரோட்டியோகிளைக்கன் எனும் மூலக்கூறுகள் அந்த வலைக்குள் நீரைப் பிடித்து வைத்திருக்கின்றன. நம் பாரத்தைத் தாங்குவது இந்தக் கூட்டமைப்புத்தான்.

குருத்தெலும்பில் இரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. நாம் நடக்கும்போது அது பஞ்சு போல அமுங்கி விரிந்து, மூட்டுத் திரவத்திலிருந்து போசணையைப் பெறுகிறது. அசைவுதான் அதன் உணவு.

மூட்டுத் தேய்வின் ஆரம்பத்தில் புரோட்டியோகிளைக்கன் குறைகிறது. கொலாஜன் வலை தளர்கிறது. அந்தக் கட்டத்தில் குருத்தெலும்பு மெலிவதில்லை. மாறாக, கூடுதலான நீரை உறிஞ்சி வீங்கி மென்மையாகிறது. பிறகு மேற்பரப்பு பழைய துணி போல நார் நாராகப் பிரிகிறது. உள்ளிருக்கும் கலங்கள் பெருகித் திருத்த முயல்கின்றன. ஆனால் சிதைக்கும் நொதியங்களின் வேகம் அவற்றை முந்திவிடுகிறது.

நரம்பு இல்லாததால் இவை பெரும்பாலும் சத்தமின்றி நடக்கின்றன. வலி வருவது மூட்டை மூடியுள்ள சவ்விலிருந்தும் கீழுள்ள எலும்பிலிருந்தும்தான். சாதாரண எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரியாது. எலும்புகளுக்கு இடையிலான இடைவெளி குறைந்த பிறகே அதன் தேய்வை ஊகிக்க முடியும். ஆகவே சுத்தமான எக்ஸ்ரே, நோயில்லை என்பதற்கான சான்றிதழ் அல்ல.

இழந்த குருத்தெலும்பை மீட்பது கடினம். ஆனால் வலியைக் குறைத்து, முழங்காலின் இயக்கத்தைக் காக்க நம்மால் முடியும். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மீதான சுமை சுமார் நான்கு கிலோ குறைகிறது. கதிரையில் அமர்ந்து காலை நேராக நீட்டிச் சில விநாடிகள் வைத்திருப்பது, தொடைத் தசையைப் பலப்படுத்தும் எளிய பயிற்சி. மருந்தகத்தில் தாமாகவே வலிமாத்திரை வாங்கி மாதக் கணக்கில் விழுங்குவது வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் ஆபத்து. மூட்டு சிவந்து வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, காலை விறைப்பு அரை மணித்தியாலத்துக்கு மேல் நீடித்தாலோ வைத்தியரைக் காண வேண்டும்.

இந்நோய் பெண்களையே அதிகம் தாக்குகிறது. ஆனால் நம் ஊர்களில் ஒரு பெண் மாலையில் உடற்பயிற்சிக்காக நடந்தால் ஒரு மாதிரியாகப் பார்க்கிறோம். அந்தப் பார்வையும் நோயை வளர்க்கிறது. இயலாதவருக்கு அமர்ந்து தொழ மார்க்கம் சலுகை தந்திருக்கிறது, அது அருள். அந்தச் சலுகை தேவைப்படும் நாளைத் தள்ளிப்போட, நம் உம்மாமாரும் சகோதரிகளும் தயக்கமின்றி நடப்பதற்கு ஊருக்கு ஓர் இடத்தையாவது பள்ளிவாசல் நிர்வாகங்கள் முன்னின்று ஏற்படுத்திக் கொடுக்க வேண்டும்.