வானத்துக் கண்ணுக்கும் வரம்பு வேண்டும்

விஞ்ஞானம் மனிதனுக்குத் தந்துள்ள புதிய கருவிகளுள் ஒன்று ட்ரோன் என்னும் ஆளில்லாச் சிறு விமானம். தரையில் நின்றபடியே ஒருவர் அதை இயக்க, அது வானில் சுற்றிப் படமெடுத்து வருகிறது. வயலுக்கு மருந்து தெளிக்கவும் திருமண ஊர்வலத்தைப் படம் பிடிக்கவும் உதவும் இக்கருவி, இன்று காவல்துறையின் கைக்கும் வந்துவிட்டது. அதை வாங்கும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்? அது எடுக்கும் படங்களை எவ்வளவு காலம் வைத்திருக்கலாம்? இவ்விரு கேள்விகளையும் நாம் இங்கே சற்றுச் சிந்திப்போம்.

முதலில் நன்மையைக் கூறுவதே முறை. 2023 ஜூன் மாதம் சென்னை அடையாறில் தமிழ்நாடு காவல்துறையின் ட்ரோன் பிரிவு தொடங்கப்பட்டது. சுமார் 3 கோடியே 60 லட்சம் ரூபாய் செலவில் மூன்று வகைப்பட்ட 9 ட்ரோன்கள் அதற்கு அளிக்கப்பட்டன. கூட்டத்தைக் கண்காணிப்பவை சில. நெடுந்தூரம் பறந்து பார்ப்பவை சில. பாரம் சுமந்து செல்லக்கூடியது ஒன்று. கடலில் தத்தளிப்பவருக்கு மிதவையைக் கொண்டுபோய்ச் சேர்க்கவும், திருவிழா நெரிசலில் விபத்து நேராமல் வழியைச் சீர்செய்யவும் இத்தகைய கருவி பயன்படும். ஆகவே, ட்ரோனே வேண்டாம் என்று கூறுவது நம் நோக்கமன்று.

ஆனால், குற்றவாளியை மட்டும் தேர்ந்து பார்க்கும் கண் அதற்கு இல்லை. கீழே உள்ள அனைத்தையும் அது பார்க்கிறது. நமது சின்னாளப்பட்டியையே எடுத்துக்கொள்வோம். சாயம் தோய்த்த சுங்குடிச் சேலைகள் வெயிலில் உலர்கின்றன. மொட்டை மாடிகளில் அம்மாமார் வற்றல் காயப் போடுகிறார்கள். அக்காமார் தலை உலர்த்துகிறார்கள். தேர்வுக்குப் படிக்கும் மாணவி புத்தகமும் கையுமாக உலவுகிறாள். தெருவில் போகிறவர் பார்வைக்குக் கைப்பிடிச் சுவர் ஒரு மறைவு. வானத்திலிருந்து வரும் பார்வைக்கு அச்சுவரும் இல்லை, கூரையும் இல்லை.

2020-ஆம் ஆண்டு கொரோனா ஊரடங்கின்போது திருப்பூரில் நடந்ததைப் பலரும் நினைவில் வைத்திருப்பர். மரத்தடியில் கேரம் ஆடிக்கொண்டிருந்த இளைஞர்களைக் காவல்துறையின் ட்ரோன் துரத்தியது. அவர்கள் கேரம் பலகையாலேயே தம்மை மறைத்துக்கொண்டு ஓடினார்கள். அக்காட்சியைக் காவல்துறையே வெளியிட, நாடே பார்த்துச் சிரித்தது. ஊரடங்கை மீறியது தவறுதான். எனினும், ஒழுங்கைக் காப்பதற்காக எடுத்த படம் ஊரார் சிரிப்பதற்கான படமாக மாறியது என்பதை நாம் கவனிக்க வேண்டும். எடுத்த நோக்கம் ஒன்று, பயன்படுத்திய விதம் வேறொன்று. அவ்விடத்தில் ஒரு பெண் இருந்திருந்தால் அவள் நிலை என்னவாகியிருக்கும்?

"தவறு செய்யாதவருக்கு என்ன பயம்?" என்று சிலர் கேட்பதுண்டு. நம் வீட்டுக் கதவைத் தாழிடுவது உள்ளே குற்றம் நடப்பதாலா? இல்லையே! மறைவு என்பது மானத்தோடு சேர்ந்தது. இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24-ஆம் நாள், நீதியரசர் புட்டசாமி வழக்கில், அந்தரங்கம் அரசியல் சட்டம் அளிக்கும் அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அரசு அதில் தலையிட வேண்டுமானால் அதற்கு ஒரு சட்டம் இருக்க வேண்டும். நியாயமான நோக்கம் இருக்க வேண்டும். தலையீடு அந்நோக்கத்திற்குத் தேவையான அளவைத் தாண்டக் கூடாது. இம்மூன்றும் நாம் கையில் வைத்துக்கொள்ள வேண்டிய அளவுகோல்கள்.

வாங்குவதில் ஒழுங்கு

எதை வாங்குகிறோமோ அதுவே பின்னர் நடப்பதைத் தீர்மானிக்கும். சட்டியில் இருப்பதுதானே அகப்பையில் வரும்? தமிழ்நாட்டில் அரசு அலுவலகங்கள் பொருள் வாங்குவதற்கு 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைச் சட்டம் உள்ளது. விலையும் தரமும் நேர்மையாக ஒப்பிடப்பட அது உதவுகிறது. வெளிநாட்டில் முழுதாகச் செய்யப்பட்ட ட்ரோன்களை இறக்குமதி செய்வதற்கு மத்திய அரசு 2022 பிப்ரவரியில் தடை விதித்தது. பாதுகாப்புப் பணி, ஆராய்ச்சி போன்றவற்றிற்கு மட்டும் தனி அனுமதி பெறலாம். உதிரி பாகங்களுக்குத் தடையில்லை. பாகமோ அதை இயக்கும் மென்பொருளோ பிறர் கையில் இருந்தால், படமும் பிறர் கைக்குப் போகக்கூடும் அல்லவா?

விலையும் தரமும் மட்டும் போதா. இது எதற்காக, எங்கே பறக்கும், படத்தை யார் பார்ப்பார்கள் என்பனவும் வாங்குமுன்பே கேட்கப்பட வேண்டும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2021-இல் ஒரு சட்டம் செய்தார்கள். அதன்படி ட்ரோன் முதலிய சில கருவிகளைக் காவல்துறை வாங்குமுன், உபயோக விதிகளை எழுத்தில் வெளியிட்டு, மக்கள் வந்து பேசக்கூடிய பொதுக் கூட்டத்தில் உள்ளாட்சி மன்றத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும். வெள்ளம் வருமுன் அணை கட்டும் செயல் இது.

சேமிப்பதில் ஒழுங்கு

நம் நாட்டின் 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகள், எடை, பதிவு எண், பறக்கலாகாத இடம், இயக்குபவரின் தகுதிச் சான்று ஆகியவற்றை விளக்குகின்றன. எடுத்த படத்தை எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பதை அவை கூறவில்லை. 2023-இல் நிறைவேறிய தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமோ, குற்றத் தடுப்புக்கும் விசாரணைக்கும் பல பிரிவுகளிலிருந்து விலக்குத் தருகிறது. தேவை முடிந்ததும் தகவலை அழித்துவிட வேண்டும் என்னும் பொதுக் கடமையிலிருந்து அரசுக்கு விலக்கு உண்டு. தகவல் கசியாமல் பாதுகாக்கும் கடமை மட்டும் குற்ற விசாரணைக்கும் பொருந்தும்.

அப்படியானால் எல்லாவற்றையும் உடனே அழித்துவிட்டால் போதுமா? அதுவும் ஆபத்தே. 2020 ஜூன் மாதம் சாத்தான்குளம் காவல் நிலையத்திற்குக் கொண்டுசெல்லப்பட்ட தந்தையும் மகனும் பின்னர் உயிரிழந்தார்கள். விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவர், அந்நிலையத்தின் கேமராப் பதிவுகள் அன்றாடம் தானாக அழிந்துவிடும்படி அமைக்கப்பட்டிருந்ததை உயர் நீதிமன்றத்திற்கு அறிக்கையாக அளித்தார். சேமிக்க இடமிருந்தும், பேச வேண்டிய சாட்சி ஊமையாகிவிட்டது. அதே ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள், பஞ்சாபைச் சேர்ந்த வேறொரு வழக்கில், நாட்டின் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும் என்றும், பதிவுகளை 18 மாதம் காக்க வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அத்தகைய கருவி சந்தையில் கிடைக்காவிடில், குறைந்தது ஓராண்டுப் பதிவையாவது தாங்கக்கூடியதையே வாங்க வேண்டும் என்றும் கூறியது. வாங்குவதும் சேமிப்பதும் ஒரே கயிற்றின் இரு புரிகள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

காவல் நிலையத்தின் உள்ளே நடப்பது அதிகாரத்தின் செயல். அதன் பதிவு நெடுநாள் இருக்க வேண்டும். மொட்டை மாடியில் நடப்பது குடும்பத்தின் வாழ்வு. அதன் பதிவு விரைவில் மறைய வேண்டும். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்துச் சட்டம், போலீஸ் ட்ரோன் திரட்டிய தகவலை 30 நாளுக்குள் அழிக்கச் சொல்கிறது. குற்றத்தின் சான்று எனத் தகுந்த காரணத்துடன் கருதப்படும் பகுதி போன்ற சிலவற்றை வைத்துக்கொள்ள விடுகிறது. வைப்பதா, அழிப்பதா என்பது கருவியைக் கையில் வைத்திருப்பவரின் அன்றைய விருப்பத்திற்கு விடப்படாமல், முன்னரே எழுதிய விதியின்படி நடக்கிறது. இதுவே நாம் மனத்தில் கொள்ள வேண்டிய சாரம்.

ஆகவே, நம் மாநிலத்திற்கு வேண்டியவை இவை: வாங்குமுன் நோக்கத்தை மக்களுக்கு அறிவித்தல், ஒவ்வொரு முறை பறந்ததையும் நாள், நேரம், இடம், காரணம் குறித்துப் பதிவேட்டில் எழுதுதல், படத்தைப் பார்த்தவர் பெயரைக் குறித்தல், அழிக்கும் நாளை முன்னரே வரையறுத்தல், இவற்றைக் காவல்துறையைச் சேராத ஒருவர் ஆண்டுதோறும் சோதித்து அறிக்கை வெளியிடுதல். நேர்மையான காவலருக்கு இவ்விதிகள் தடையல்ல, கவசம். வீண்பழி வரும்போது அவரைக் காப்பதும் அந்தப் பதிவேடுதான்.

பெற்றோர்களே, 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தில் இக்கேள்விகளை நீங்கள் எழுத்து மூலம் கேட்கலாம். வழக்கமாக 30 நாட்களுக்குள் பதில் தரப்பட வேண்டும். அன்புத் தங்கையரே, உங்களுள் சிலர் நாளை காவல்துறை அதிகாரிகளாகவும் வழக்கறிஞர்களாகவும் பொறியாளர்களாகவும் விளங்கப் போகிறீர்கள். வானில் பறக்கும் கண்ணை அமைப்பவரும் இயக்குபவரும் நீங்களாக இருக்கக்கூடும். அப்போது அதன் கீழே வற்றல் காயப் போட்டுக்கொண்டிருக்கும் ஒரு தாயின் மறைவையும் காப்பது உங்கள் கடமை என்பதை மறவாதிருங்கள்.