உங்கள் பக்கத்துக்கு வர்ணம் அடிப்பது யார்?

நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் லாரிக்குப் பாடி கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள்.

கம்பெனியில் இருந்து வருவது சேஸ் மட்டும்தான். எல்லாச் சேசும் ஒன்று போலவே இருக்கும். பாடி கட்டி, வர்ணம் அடித்து வெளியே வரும்போதோ, ஒன்றைப் போல் இன்னொன்று இராது. ஒன்றில் மயில். ஒன்றில் தாமரை. ஒன்றில் குலதெய்வத்தின் பெயர். தூரத்தில் வரும்போதே, "அது நம்ம வண்டி" என்று சொந்தக்காரர் சொல்லிவிடுவார்.

இன்டர்நெட்டிலும் ஒரு காலத்தில் இப்படி வர்ணம் அடித்தார்கள். தங்கள் பக்கத்துக்குத் தாங்களே அடித்தார்கள்.

இப்போது அது பெரும்பாலும் போய்விட்டது. பேஸ்புக்கில் கணக்கு வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும். உங்கள் படம், உங்கள் பெயர், மேலே ஓர் அகலமான படம். அவ்வளவுதான் உங்கள் இஷ்டம். மற்றது எல்லாம் கம்பெனியின் இஷ்டம். பொள்ளாச்சிக்காரர் பக்கமும், பிரேசில்காரர் பக்கமும் ஒரே அச்சு!

சி.எஸ்.எஸ். என்றால் என்ன?

பக்கத்தில் பெயர் எது, படம் எது, செய்தி எது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்ல ஒரு மொழி இருக்கிறது. அதன் பெயர் எச்.டி.எம்.எல். அது சேஸ் மாதிரி.

என்ன நிறம், எவ்வளவு பெரிய எழுத்து, ஓரத்தில் கோடு வேண்டுமா என்று சொல்வது சி.எஸ்.எஸ். அது வர்ணம் மாதிரி.

நார்வே நாட்டைச் சேர்ந்த ஹோகோன் வியும் லீ என்பவர் 1994 அக்டோபரில் இந்த யோசனையைச் சொன்னார். பெர்ட் போஸ் என்பவரும் அவருடன் சேர்ந்தார். 1996 டிசம்பரில் அது முறைப்படி வெளிவந்தது.

கட்டளைகள் சுலபமானவை. ஆங்கிலத்தில் "பேக்கிரவுண்டு" என்று எழுதி, முக்காற்புள்ளி வைத்து, "எல்லோ" என்று எழுதினால், பின்னணி மஞ்சள் ஆகிவிடும். "எல்லோ"வை அழித்து "கிரீன்" என்று போட்டால் பச்சை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

முதல் எழுத்தான "சி"க்கு ஒரு பொருள் உண்டு. அருவி போல் படிப்படியாக இறங்குவது என்று அர்த்தம். கோவைக் குற்றாலத்தில் தண்ணீர் பாறைக்குப் பாறை இறங்குகிறது அல்லவா? அதுபோலக் கட்டளைகளும் மேலே இருந்து கீழே வரும். சம பலம் உள்ள இரண்டு கட்டளைகள் மோதினால், கடைசியாக வந்ததே செல்லும்.

(வீட்டில் யார் சொல் கடைசிச் சொல் என்று நான் எழுதப் போவதில்லை!)

அடைக்க மறந்த கதவு

2003-ம் ஆண்டு அமெரிக்காவில் மைஸ்பேஸ் என்ற தளம் வந்தது. பேஸ்புக்குக்கு முந்தியது. அதில், "என்னைப் பற்றி" என்று எழுத ஒரு பெட்டி கொடுத்தார்கள்.

அந்தப் பெட்டியில் கட்டளைகளை எழுதினாலும் தளம் ஏற்றுக்கொண்டது. தடுக்க மறந்துவிட்டார்கள்!

கம்பெனி அடித்த வர்ணம் மேலே இருந்தது. பிள்ளைகள் எழுதிய கட்டளை கீழே வந்தது. கீழே வந்தது வென்றது. சனங்களுக்குப் பிடித்துப் போகவே, கம்பெனியும் அந்தக் கதவைத் திறந்தே விட்டது.

பிறகு கேட்க வேண்டுமா? கண் கூசும் சிவப்பு, மினுக்கும் நட்சத்திரம், திறந்தவுடன் அலறும் பாட்டு. பல பக்கங்களில் எழுத்தையே படிக்க முடியாது. அழகு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால், அது அந்தப் பிள்ளையின் பக்கம். பார்த்தவுடன் ஆள் யார் என்று தெரிந்தது.

எல்லாரும் கட்டளை எழுதக் கற்றுக்கொள்ளவில்லை. பலர், அடுத்தவர் எழுதியதை அப்படியே எடுத்து ஒட்டினார்கள். பக்கத்துக்குப் பக்கம் கட்டளைகள் கை மாறின.

20 மணி நேரத்தில் 10 லட்சம் பேர்

2005 அக்டோபர் 4-ந் தேதி. சாமி கம்கர் என்ற வாலிபர் தம் பக்கத்தில் ஒரு கட்டளையை எழுதி வைத்தார். அவருக்கு அப்போது வயது 19.

வர்ணம் அடிக்கும் கட்டளைக்குள், ஜாவாஸ்கிரிப்ட் என்ற வேறு மொழிக் கட்டளையை அவர் ஒளித்து வைத்தார். ஜாவாஸ்கிரிப்ட் வர்ணம் அடிக்காது. வேலையே செய்யும். உங்கள் பெயரில் நண்பர்களைச் சேர்க்கும். உங்கள் பெயரில் எழுதும்.

அந்தச் சொல்லைக் கண்டால் மைஸ்பேஸ் காவலாளி தடுத்துவிடுவார். சாமி என்ன செய்தார்? "ஜாவா" என்பதை ஒரு வரியிலும், "ஸ்கிரிப்ட்" என்பதை அடுத்த வரியிலும் எழுதினார். காவலாளி விட்டுவிட்டார். உள்ளே போனதும் சில பிரவுசர்கள் இரண்டையும் சேர்த்துப் படித்தன!

அவர் பக்கத்தைப் பார்த்தவர், தெரியாமலே அவருக்கு நண்பர் ஆனார். "சாமிதான் என் ஹீரோ" என்ற வரி, பார்த்தவர் பக்கத்திலும் ஒட்டிக்கொண்டது. அந்தப் பக்கத்தைப் பார்த்தவருக்கும் அதே கதி. 20 மணி நேரத்துக்குள் 10 லட்சம் பேருக்கு மேல் மாட்டிக்கொண்டார்கள். மைஸ்பேஸ் தளத்தையே நிறுத்த வேண்டியதாயிற்று.

சாமி பணம் எதுவும் திருடவில்லை. விளையாட்டாகச் செய்தது. ஆனாலும் வழக்கு வந்தது. 2007-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் வைக்கப்பட்டார்.

காந்திபுரத்தில் ஒரு சாமி

நம் ஊரில் மைஸ்பேசைவிட ஆர்குட்டுக்குத்தான் மவுசு. 2004-ல் தொடங்கி 2014 செப்டம்பர் 30-ந் தேதி மூடப்பட்டது. அதில் வர்ணம் அடிக்க வழி இல்லை. 2008-ல், கம்பெனியே சில அலங்காரங்களைக் கொடுத்து, "இதில் ஒன்றை எடுத்துக்கொள்" என்றது.

2009-ல் கோவையில் என்னுடன் படித்த நண்பனுக்கு அது போதவில்லை. காந்திபுரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருந்தோம். "இதை முகவரிக் கட்டத்தில் ஒட்டினால் உன் பக்கம் கறுப்பாக மாறும்" என்று யாரோ அனுப்பியதை எடுத்து ஒட்டினான். பக்கம் மாறவில்லை. அவன் பெயரில், அவன் நண்பர்கள் அத்தனை பேருக்கும் அசிங்கமான ஒரு செய்தி போயிற்று.

அத்தனை பேரில் அவன் சித்தப்பாவும் ஒருவர்! திருப்பூரில் பனியன் கம்பெனியில் மேனேஜர். கால் மணி நேரத்தில் போன் வந்தது.

"ஏஞ்சாமி, உனக்கு என்னாச்சு? நல்லாத்தானே இருந்தே?"

கொங்கு நாட்டில் பெரியவர்கள் பிள்ளைகளைச் "சாமி" என்று கூப்பிடுவது வழக்கம். ஆனால், அன்று நண்பனின் முகத்தில் ஈயாடவில்லை. அந்த வாரம் முழுவதும் ஒவ்வொருவரிடமும் அவன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான்.

வித்தை இன்னும் இருக்கிறது

வர்ணம் அடிக்க இன்றும் இடம் உண்டு. 2020 நவம்பரில், ஜெர்மனியில் 18 வயது வாலிபர் ஒருவர் ஸ்பேஸ்ஹே என்ற தளத்தைத் தொடங்கினார். பழைய மைஸ்பேஸ் மாதிரியே, அதில் நீங்களே சி.எஸ்.எஸ். எழுதலாம். பிளாக்கர், டம்ளர் தளங்களிலும் எழுதலாம்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். அடுத்தவர் கொடுத்ததை ஒட்டும் முன் வரி வரியாகப் படியுங்கள். "ஸ்கிரிப்ட்" என்ற சொல் கண்ணில் பட்டால் விட்டுவிடுங்கள். புரியாத வெளி முகவரி இருந்தாலும் விட்டுவிடுங்கள். பேஸ்புக்கிலும் "நிறம் மாற்றித் தருகிறேன்" என்று ஏமாற்றுகிறவர்கள் உண்டு.

என் அக்காள் மகன் கோபிச்செட்டிபாளையத்தில் பிளஸ் டூ படிக்கிறான். பிளாக்கரில் ஒரு பக்கம் வைத்து, தோட்டம், ஆடு, மாடு பற்றி எழுதுகிறான். போன மாதம் என் அம்மாவுக்குக் காட்டினான்.

"எழுத்து எறும்பு மாதிரி இருக்குது கண்ணு" என்றார் அம்மா.

அவன் கட்டளைப் பக்கத்தைத் திறந்தான். எழுத்தின் அளவு 16 என்று இருந்தது. அதை 26 ஆக்கினான்.

அம்மா கண்ணாடியைத் தேடவில்லை. சத்தமாக வாசிக்க ஆரம்பித்தார்.